கர்ப்பத்தின் நிரந்தர வதிவிடம்

சிப்பிக்கரைப் பிரதேச செயலகத்தில் கர்ப்பிணித் தாய்மார் உட்காருவதற்கென்று தனியாக ஒரு கதிரை இருக்கிறது. அதன் முதுகில் 'கர்ப்பிணித் தாய்மாருக்கு மட்டும்' என்று மூன்று மொழிகளில் ஒட்டியிருக்கிறார்கள். கதிரையில் கோப்புகள் அடுக்கியிருக்கும். அவையும் கர்ப்பிணித் தாய்மாரின் கோப்புகள்தான் என்பதால் இதில் விதிமீறல் எதுவும் இல்லை. கோப்புகளை இறக்கிவைக்கும் அதிகாரமுள்ள உத்தியோகத்தர் பெரும்பாலும் வெளிக்களத்தில் இருப்பார். ஆகவே கர்ப்பிணிகள் கதிரைக்குப் பக்கத்தில், அதைப் பார்த்தபடி நிற்பார்கள்.

யதுசாவும் அப்படித்தான் நின்றாள். கார்த்திகை மழை. செருப்பில் சேறு. பக்கத்தில் புருசன் வின்சன், நனைந்த சாரத்துக்கு மேல் கலியாணத்துக்குத் தைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். கந்தோருக்கு வருவதென்றால் அவன் அந்தச் சேட்டைத்தான் போடுவான். கடல் கொந்தளித்துக் கிடந்தது. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. வாடைக்காற்று முடியும்வரை வீட்டுக்கு மீனும் இல்லை, மீன் விற்ற காசும் இல்லை.

கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் நிறஞ்சனா இரத்தம் பார்த்துவிட்டு யதுசாவின் கண்மடலைக் கீழே இழுத்துப் பார்த்திருந்தார்.

"வெளிறிப் போய்க் கிடக்கு, பிள்ளை. உனக்கே ரத்தம் காணாது, இதில வயித்தில இருக்கிறதுக்கு எங்காலை குடுக்கப் போறாய்? முட்டை, பயறு, கீரை, மீன். ஒவ்வொரு நாளும். இப்பிடியே போனால் பிறக்கிற நேரம் எங்களுக்குப் பிரச்சினை, உனக்கு அதைவிடப் பிரச்சினை."

"முட்டை ஒவ்வொரு நாளுமோ மிஸ்?"

"அதுக்குத்தானே தாய்மை மலர்ச்சித் திட்டம் கிடக்கு. மாசா மாசம் சத்துணவுப் பொதி, பிள்ளை பிறந்தால் பிரசவக் கொடுப்பனவு. போய்ப் பதி."

நிறஞ்சனா நல்ல மனிசி. 'போய்ப் பதி' என்று அவர் சொன்னது, 'கடைக்குப் போய் உப்பு வாங்கு' என்பதைப் போலத்தான் யதுசாவுக்குக் கேட்டது.

தாய்மை மலர்ச்சித் திட்டத்தின் இணைப்பு உத்தியோகத்தர் வினோதன் மத்தியானத்துக்குக் கிட்ட வந்தார். இளம் ஆள். மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு கேடயம் தொங்கியது. வின்சன் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் கவனித்தார்.

"அது மாவட்டத்தில முதலாமிடம், தம்பி. போன வருசம் எங்கட பிரிவில ஒரு முறைகேடும் நடக்கேல்லை. ஒரு பொதி பிழையான ஆளுக்குப் போகேல்லை."

"எத்தினை பேருக்குக் குடுத்தனீங்கள் சேர்?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. அதாலதான் சொல்லுறன், ஒண்டும் பிழையாப் போகேல்லை."

வின்சன் தலையாட்டினான். மெச்சினானா யோசித்தானா என்று முகத்தில் தெரியவில்லை.

வினோதன் படிவத்தை எடுத்துக் கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். பெயர், அடையாள அட்டை, கலியாணம் முடித்த தேவாலயம் என்று எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒன்பதாவது கேள்வியில் பேனை நின்றது.

"கர்ப்பம் ஆரம்பித்தபோது விண்ணப்பதாரி வதிந்த பிரிவு?"

யதுசா புருசனைப் பார்த்தாள். புருசன் யதுசாவைப் பார்த்தான்.

"உது என்னத்துக்கு சேர்?"

வினோதன் கதிரையில் சாய்ந்தார். விளக்கம் சொல்லும் சந்தர்ப்பம் அவருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி. எங்கட சனத்தில தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குப் போற வழக்கம் இருக்கு. புருசன்ர பிரிவில பதிஞ்சிட்டு, ஏழாம் மாசம் தாய் வீட்டுக்குப் போய் அங்கையும் பதிவினம். ஒரு வயிறு, ரெண்டு பொதி. அதைத் தடுக்கத்தான் புதுச் சுற்றுநிருபம். கர்ப்பம் எங்க தொடங்கினதோ அந்தப் பிரிவுக்குத்தான் அது சொந்தம். நிரந்தர வதிவிடம் மாதிரி."

"நாங்கள் இஞ்ச சிப்பிக்கரைதான் சேர். என்ர வீட்டிலதான் இருக்கிறம்," என்றான் வின்சன்.

அதோடு அவன் வாயை மூடியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் வினோதன் கிளினிக் அட்டையைப் பார்த்துக் கலண்டரில் விரல் வைத்து எண்ணி, "அப்ப ஆவணி நடுப்பகுதியும் வீட்டிலதானே?" என்று கேட்டார். வின்சன் பொய் சொல்லத் தெரியாதவன். கடலில் பாறைக்குப் பக்கத்தில் மீன் கிடக்கிறதென்று மற்ற வள்ளக்காரருக்குக் கை காட்டிவிடுகிறவன்.

"ஆவணியில மடுத் திருநாள் சேர். நாங்கள் பத்து நாளும் மடுவில கூடாரம் அடிச்சு நிண்டனாங்கள். கலியாணம் முடிச்சு அஞ்சு வருசமாப் பிள்ளையில்லை. மாதாவிட்ட நேர்த்தி வைச்சுப் போனது. மாதா தந்திட்டா." அவன் முகம் மலர்ந்தது. "அட்டைத் திகதியும் சரியாத்தான் இருக்கு!"

யதுசா அவனுடைய முழங்கையில் கிள்ளினாள். நேரம் போய்விட்டது.

"மடு எந்த மாவட்டம்?" என்றார் வினோதன்.

"மன்னார்."

"அப்ப இது மன்னார்க் கர்ப்பம்."

கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"சேர்," என்றாள் யதுசா மெதுவாக, "வயிறு இஞ்சதானே நிக்குது."

"வயிறு நிக்கிறது வேற. கர்ப்பம் வதியிறது வேற. நீங்கள் கொழும்புக்குப் பஸ்ஸில போனால் கொழும்பு ஆளாகிவிடுவியளோ?"

"அப்ப மடுவுக்குப் போனதால மட்டும் என்னண்டு..."

"அதுக்குத்தான் ரெண்டு வழி வைச்சிருக்கிறம்," என்றார் வினோதன் பெருந்தன்மையோடு. "ஒண்டு, கர்ப்பம் இந்தப் பிரிவிலதான் தொடங்கினது எண்டு உங்கட ஜீ.எஸ்ஸிட்ட அத்தாட்சி வாங்கி வாங்கோ. இல்லாட்டி மன்னாருக்கு எழுதி, அங்கை உரிமை கோரேல்லை எண்டு பதில் எடுக்கிறன்."

வெளியே வந்ததும் யதுசா குடையை விரிக்காமலே நடந்தாள்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே அப்பா."

"மாதாவின்ர விசயத்தில பொய் சொல்லச் சொல்லுறியோ?"

"மாதா உங்களைக் கூடாரத்துக்குள்ள நடந்ததைக் கந்தோரில போய்ச் சொல்லச் சொன்னவாவோ?"

வின்சனின் காது சிவந்தது.

ஜீ.எஸ். என்று சனம் கூப்பிடும் கிராம அலுவலர் றிப்னாஸ் தண்ணீரூற்றுப் பக்கத்து ஆள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து உத்தியோகம் எடுத்தவர். எத்தனையோ விதமான கடிதங்கள் கேட்டு அவரிடம் சனம் வந்திருக்கிறது. வீடில்லை என்று கடிதம், வீடு இருந்தது என்று கடிதம், செத்த ஆள் செத்ததற்கும் உயிரோடு உள்ளவர் உயிரோடு இருப்பதற்கும் கடிதம். எல்லாவற்றுக்கும் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். இதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வின்சன், நீர் நல்லாத்தான் இருக்கிறீரோ? நான் என்னண்டு இதை அத்தாட்சிப்படுத்திறது? நான் அங்க நிண்டனானோ?"

"கந்தோரில கேக்கினம் சேர்."

"கந்தோரில கேக்கிறவருக்கு வெக்கமில்லை, எனக்கு இருக்குதல்லோ! 'மேற்படி சம்பவம் எனது பிரிவிலேயே நடைபெற்றது என்பதை நானறிவேன்' எண்டு நான் எழுதினால், நாளைக்கு என்ர மனிசி றிஸ்பா இந்தக் கடிதத்தைக் கண்டால் என்ன கேப்பா தெரியுமோ?"

யதுசா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை சுற்றும் என்பதால் கதவைப் பிடித்துக்கொண்டாள். அதைக் கண்ட றிப்னாஸ் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னார், தேத்தண்ணிக்கும் சொன்னார். பிறகு ஒரு கடிதம் எழுதினார்: 'இவர்கள் இருவரையும் எனக்கு நன்கு தெரியும். இவர்கள் சட்டப்படி மணமுடித்து எனது பிரிவில் வசிக்கின்றனர். மிகுதி எனக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் கூடாது.'

வினோதன் அதை வாசித்துவிட்டு, மிகுதிதான் முக்கியம் என்றார். மன்னாருக்குக் கடிதம் போனது.

மழை விட்டது. தை பிறந்தது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வின்சன் சேற்றுக்குள் நண்டு பிடித்தான். கூலிக்குக் கிழிந்த வலை பொத்தினான். கிடைத்த காசில் முட்டை வாங்கி யதுசாவுக்கு மட்டும் அவித்துக் கொடுத்துவிட்டு, "எனக்கு முட்டை மணம் பிடிக்காது" என்றான். அவனுக்கு முட்டையென்றால் உயிர் என்பது அவளுக்குத் தெரியும்.

மாசியில் பதில் வந்தது. திருநாள் காலத்தில் மடு வளாகத்தில் இலட்சக்கணக்கான யாத்திரிகர் கூடாரங்களில் தங்குவதாகவும், அவற்றில் எதற்கும் வீட்டிலக்கம் கிடையாதென்றும், குறித்த கர்ப்பம் சம்பந்தமாகத் தங்களுக்கு எந்த உரிமைகோரலும் இல்லையென்றும், தாயும் சேயும் நலமாயிருக்க வேண்டுமென்றும் ஒரு நல்ல மனிசன் எழுதியிருந்தான்.

"பாத்தியளோ," என்றார் வினோதன், ஏதோ தானே பிள்ளை பெற்றவர் போல. "இனி வெளிக்கள உறுதிப்படுத்தல் ஒண்டுதான். நான் வீட்டுக்கு வந்து வயித்தை நேரில பாக்கவேணும். அதுவரைக்கும் வயிறு பிரிவை விட்டுப் போகக் கூடாது."

ஏழாம் மாதம் நெருங்கியது. உடையார்கட்டிலிருந்து யதுசாவின் தாய் மரியமலர் மகளைக் கூட்டிப்போக வந்தாள். தலைப்பிள்ளை. அறையை வெள்ளையடித்து, கட்டில் வாங்கி, முட்டைக்கென்று கோழிகளும் வளர்த்து வைத்துவிட்டு வந்திருந்தாள். ஒரு சின்னத் தலையணையும் தைத்து வைத்திருந்தாள், பிறக்கப்போகும் பிள்ளைக்கு. தன்னுடைய பழைய பூப்போட்ட சட்டையைக் கிழித்து உறை தைத்து, இலவம் பஞ்சைக் கையால் பிரித்துப் பிரித்து அடைத்தது.

"போகக் கூடாதாமம்மா. போனால் ஃபைலை மூடிப் போடுவினமாம்."

"ஆர் சொன்னது?"

"வினோதன் சேர்."

"அவரோ வந்து உனக்குப் பேறு பாக்கப்போறார்?"

மரியமலர் மறுநாளே கந்தோருக்குப் போனாள். மகளை இழுத்துக்கொண்டு போனாள் என்பதே சரி. கதிரையில் கோப்புகள் இன்னும் இருந்தன. கொஞ்சம் உயர்ந்திருந்தன.

"தம்பி, எப்ப வந்து பாப்பீர்? பிள்ளைக்கு ரத்தம் இல்லையெண்டு கிளினிக்கில பேசுகினம். என்ர வீட்டுக்கு வந்தாளெண்டால் நான் முட்டையாவது குடுப்பன்."

"அம்மா, உங்கட கவலை எனக்கு விளங்குது. ஆனால் வெளிக்களம் போறதுக்கு வாகனம் வேணும். வாகனத்துக்கு எரிபொருள் அனுமதி வேணும். அனுமதிக்கு மாத முன்னேற்ற அறிக்கை வேணும். அறிக்கையில எழுதிறதுக்கு நான் வெளிக்களம் போயிருக்கவேணும்."

"அப்ப?"

"அதுதான் நானும் யோசிக்கிறன்."

"பிள்ளை பிறக்க முந்தி யோசிச்சு முடிப்பீரோ?"

வினோதன் பேனையை மூடி வைத்தார். வருங்காலத்தில் இவர் நிச்சயம் மேலே வருவார்; அதற்கான தகுதி அந்த நேரத்தில் அவரது முகத்தில் தெரிந்தது.

"அம்மா, ஒண்டைச் சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ. பிள்ளை பிறக்கிறது இயற்கை. பொதி குடுக்கிறது நிர்வாகம். இயற்கை அவசரப்படும்; நிர்வாகம் அவசரப்படக் கூடாது. உங்கட மகளுக்குச் சத்து இல்லாமப் போனால் ஆஸ்பத்திரி பாக்கும். என்ர ஃபைலில ஒரு கையெழுத்து இல்லாமப் போனால் கணக்காய்வில என்னை ஆர் பாக்கிறது? சொல்லுங்கோ பாப்பம்!"

மரியமலர் சொன்னாள். அது இங்கே எழுதக்கூடியதல்ல.

வழக்கம் தலைகீழானது. மகள் தாய் வீட்டுக்குப் போகாமல், தாய் மகளுடைய புருசன் வீட்டுக்கு வந்தாள். கோழிகளைக் கூடையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். கடற்காற்றுப் பிடிக்காமலோ என்னவோ அவை முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. பங்குனி முழுவதும் யதுசா வயிற்றைப் பிரிவுக்குள் வைத்துக் காவல் காத்தாள். கிளிநொச்சியில் வின்சனின் தங்கச்சியின் கலியாணத்துக்குக்கூடப் போகவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் வாகனம் வந்தது. வினோதன் இறங்கினார். யதுசாவை முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே நிற்கவைத்தார். முன்னால் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், வீட்டிலக்கம் தெரிய ஒரு படம் எடுத்தார். வயிறு பக்கத்து வளவின் எல்லைக்குள் விழுகிறதா என்று பார்த்து, ஒரு அடி இந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு எழுதினார்: 'வயிறு நேரில் காணப்பட்டது.'

"இனிக் கிடைக்குமோ சேர்?"

"இனி ஒரு தடையும் இல்லை," என்றார் வினோதன். "விழாத் திகதி மட்டும்தான்."

வைகாசியில் பிள்ளை பிறந்தது.

நிறஞ்சனா பயந்தபடியே நடந்தது. இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. இருந்த கொஞ்சமும் போனது. யதுசாவின் உதடு சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே மரியமலர் செபமாலையை உருட்டாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வின்சன் கரைக்கு ஓடினான். வலை இழுத்துக்கொண்டு நின்ற பொடியன்கள் வலையை அப்படியே விட்டுவிட்டு, மீன் செதிலோடும் உப்போடும் மோட்டார்சைக்கிளில் வந்து, கையை நீட்டிக்கொண்டு படுத்தார்கள். அந்த இரத்தம் எந்தப் பிரிவில் ஆரம்பித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

யதுசா பிழைத்தாள். பிள்ளையும். பெண்பிள்ளை. மெலிவு, ஆனால் தொண்டை பெரிது.

பிள்ளை சிரிக்கப் பழகிவிட்ட ஆடி மாதத்தில் கடிதம் வந்தது. தாய்மை மலர்ச்சித் திட்டத்தின் கீழ் யதுசாவின் கர்ப்பம் அங்கீகரிக்கப்பட்டிருந்தது. பொதி வழங்கும் விழா கலாசார மண்டபத்தில் நடைபெறும். கடைசி வரியைப் பேனையால் எழுதிச் சேர்த்திருந்தார்கள்: 'பயனாளிகள் தவறாது கர்ப்பத்துடன் சமுகமளிக்கவும்.'

வின்சன் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். "இதென்ன, திரும்பத் தொடங்கச் சொல்லினமோ?"

"நீங்கள் மடுப் பக்கம் போகாதேங்கோ," என்றாள் யதுசா.

விழாவுக்கு முதல்நாள் வினோதன் தொலைபேசி எடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"தங்கச்சி, நிலைமை உங்களுக்கு விளங்கும்தானே. பனர் அடிச்சாச்சு. 'கர்ப்பிணித் தாய்மாரைக் கௌரவிப்போம்' எண்டு கிடக்கு. கொழும்பில இருந்து பெரிய ஆள் வாறார். பயனாளியள் முழுப்பேருக்கும் பிள்ளை பிறந்திட்டுது. ஒராளின்ர பிள்ளை நடக்குது. மேடையில வயிறில்லாமல் என்னண்டு ஏத்திறது? ஒரு சின்னத் தலையணை கொண்டு வாங்கோ."

"சேர், பிள்ளையையே கொண்டு வாறனே. அதைப் பாத்தால் தெரியும்தானே."

"பிள்ளை இந்தக் கட்டத்துக்குரியது இல்லை. பிள்ளைக்கு வேற படிவம்."

வரமாட்டேன் என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் பால் கொடுக்கிறவளுக்கும் சாப்பாடு வேண்டும். நிறஞ்சனா போன கிழமைகூடக் கண்மடலை இழுத்துப் பார்த்துப் பேசியிருந்தார். வீட்டில் இருந்த சின்னத் தலையணை மரியமலர் தைத்துக் கொண்டுவந்த அந்த ஒன்றே ஒன்றுதான். யதுசா அதைப் பிள்ளையின் தலைக்குக் கீழே இருந்து உருவி எடுத்தாள்.

மண்டபத்தின் பின்னறையில் சீலைத் திரைக்குப் பின்னால் தாய்மார் வயிறு கட்டினார்கள். ஜெமீலா என்று ஒருத்தி, வயிற்றில் சால்வையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "எனக்கு இது இரட்டைப் பிள்ளை மாதிரிக் கிடக்கு, ரெண்டு பொதி தருவினமோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வினோதன் திரைக்கு வெளியே நின்று, "எல்லாரும் ஒரு மாதிரி அளவா வையுங்கோ," என்று கத்தினார். "ஒன்பதாம் மாசத்துக்கு மேல போகாதேங்கோ!"

மங்கள விளக்கு ஏற்றினார்கள். வரவேற்பு நடனம் நடந்தது. பெரிய ஆளுக்கு மாலை போட்டார்கள். பெரிய ஆள் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"அன்பான கர்ப்பிணித் தாய்மார்களே! ஒரு தாய் பத்து மாதம் காத்திருக்கிறாள். ஏன் இவ்வளவு காலம் என்று அவள் கேட்பதில்லை. விரைவாகத் தாருங்கள் என்று மனுக் கொடுப்பதில்லை. தாய்மையின் அந்தப் பொறுமையைத்தான் இந்தத் திட்டத்தின் அத்திவாரமாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்!"

கைதட்டல். கைதட்டியபோது இரண்டு கர்ப்பங்கள் சரிந்தன. சரி செய்தார்கள்.

பொதி வழங்கல் தொடங்கியது. யதுசா வரிசையின் கடைசியில் நின்றதால் அது நடக்கும் விதத்தை முழுவதும் பார்த்தாள். தாய் இடப்பக்கத்தால் ஏறுகிறாள். பெரிய ஆள் பெட்டியைக் கொடுக்கிறார். படம். தாய் வலப்பக்கத்தால் இறங்குகிறாள். அங்கே வினோதன் நின்று பெட்டியை வாங்கி, மேடைக்குப் பின்னால் ஓடி, இடப்பக்கத்தால் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார். மொத்தம் ஒரு பெட்டி. மிச்சப் பெட்டிகள் பிறகு வரும். எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. சிப்பிக்கரை வரலாற்றில் ஓர் உத்தியோகத்தர் கர்ப்பிணிகளுக்காக இவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

யதுசாவின் முறை வந்தது. ஏறினாள். படம் எடுத்தார்கள். பெட்டி கைக்கு வந்தது. கனத்தது. உள்ளே உண்மையாகவே ஏதோ இருந்தது.

அந்த நேரம் முன்வரிசையில் மரியமலரின் மடியில் இருந்த பிள்ளை விழித்தது. அதன் தொண்டை பெரிது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ஒலிவாங்கி தோற்றுப்போனது. யதுசாவின் மார்பில் பால் கசிந்து சட்டை நனைந்தது. பிள்ளையைத் தூக்கவேண்டும், தூக்கினால் வைக்க இடமில்லை. முன்னால் அரசாங்கத்தின் கர்ப்பம் நின்றது.

யதுசா பெட்டியை இடுப்பில் இடுக்கினாள். மற்றக் கையைச் சட்டைக்குக் கீழே விட்டுத் தலையணையை உருவினாள்.

"இதைக் கொஞ்சம் பிடியுங்கோ ஐயா. என்ர பிள்ளை பசியில கத்துது."

மேடையில் யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக் கமராவைப் பார்த்துச் சிரிப்பது பெரிய ஆளின் பழக்கம். வாங்கினார். சிரித்தார். படம் எடுத்தார்கள். சனமும் கைதட்டியது. முதல்முறையாக மனமார.

யதுசா ஏறின பக்கத்தாலேயே இறங்கினாள். வினோதன் மற்றப் பக்கத்தில் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். பிள்ளை ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், பின்னால் மரியமலர். மூன்று தலைமுறையும் பஸ் ஏறியது.

வீட்டில் பெட்டியைத் திறந்தார்கள். பயறு, சத்துமா, தகரத்தில் அடைத்த ரின்மீன், ஒரு பை நெத்தலி. வின்சன் நெத்தலியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து மணந்து பார்த்தான்.

"இது எந்தக் கடல்?"

பையின் பின்பக்கத்தில் தாய்லாந்து என்று போட்டிருந்தது. கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கும் வீடு அது. மரியமலர் நெத்தலியைப் பொரித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளை தலையணை இல்லாமல் நித்திரை கொள்ள மறுத்தது. இலவம் பஞ்சுத் தலையணைக்குப் பழகின தலை. சீலை மடித்து வைத்தும் கேட்கவில்லை. ஆவணி கழிந்து புரட்டாதியில், பிரசவக் கொடுப்பனவுப் படிவத்தோடும் பிள்ளையோடும் யதுசா கந்தோருக்குப் போனாள்.

வினோதன் அவளைக் கண்டதும் கோப்பை எடுத்தார். கோபம் இல்லை. அவர் கோபத்தைத் தாண்டி, நிர்வாகத்துக்குள் போய்விட்டிருந்தார்.

"பிரசவக் கொடுப்பனவு தர ஏலாது தங்கச்சி. வைகாசியில பிள்ளை பிறந்ததெண்டு எழுதியிருக்கிறீங்கள். ஆனால் ஆடியில நீங்கள் மேடையில வயித்தோட நிண்ட படம் ஃபைலில கிடக்கு. அப்ப வைகாசியில பிறந்தது ஆர்?"

"இவதான்," என்று யதுசா தோளில் கிடந்ததைக் காட்டினாள்.

"அதை நான் ஏற்க ஏலாது. ஃபைலின்ர படி உங்களுக்கு இன்னும் பிறக்கேல்லை."

"சேர், வயிறு தலையணை எண்டு உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே கொண்டுவரச் சொன்னனீங்கள்."

"எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாது."

"அப்ப என்ர தலையணையையாவது தாங்கோ. பிள்ளை நித்திரை கொள்ளுறாளில்லை."

"அது உங்கட தலையணை இல்லை. பிரதம அதிதி கையேற்ற பொருள். பொருட்பதிவேட்டில ஏத்தியாச்சு. அங்க கிடக்கு."

யதுசா திரும்பிப் பார்த்தாள். கர்ப்பிணிகளின் கதிரையில், கோப்புகளுக்கு மேல், பூப்போட்ட தலையணை கிடந்தது. அதன் நடுவில் சிவப்பு மையால் பெரிய இலக்கம் போட்டிருந்தார்கள்.

அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்த் தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்தாள். கோப்புகளை ஒரே அணைப்பாக அணைத்துத் தூக்கி நிலத்தில் வைத்தாள். கதிரையில் இருந்தாள். மடியில் தலையணையை வைத்து, அதில் பிள்ளையைக் கிடத்தினாள். பிள்ளை கன்னத்தைப் பூவில் தேய்த்துவிட்டுக் கண்ணை மூடியது.

கந்தோர் முழுவதும் தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வினோதன் பாய்ந்து வந்தார்.

"தங்கச்சி, எழும்புங்கோ! அதில இருக்க ஏலாது. அது கர்ப்பிணித் தாய்மாருக்கு மட்டும்!"

யதுசா குரலை உயர்த்தவில்லை. பிள்ளை நித்திரை.

"உங்கட ஃபைலை ஒருக்காப் பாருங்கோ சேர். எனக்கு இன்னும் பிறக்கேல்லை."

வினோதன் மேசைக்குப் போய்க் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். சரிதான். அவளை எழுப்புவதற்கு எந்த விதியும் இல்லை.

அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை நித்திரையில் ஒருமுறை நெளிந்து, அரசாங்கச் சொத்தின் மேல் தாராளமாக மூத்திரம் பெய்தது. சிவப்பு இலக்கம் முதலில் இளகியது, பிறகு பூக்களுக்குள் ஊறிப் பரவியது, பிறகு எது இலக்கம் எது பூ என்று தெரியாமல் போனது. யதுசா தலையணையைப் புரட்டி, காய்ந்த பக்கத்தை மேலே வைத்தாள்.